வெயிலுகந்தாள் போட்ட குறி

கயத்தாற்றுக் கரிசலை இடித்துக் கெட்டித்து
விமானம் இறக்கிய வருஷம்
துரைமார் துணியெல்லாம் என் வெள்ளாவிக்கு வந்தது.

ஒரு சட்டையில் மட்டும்
தோளோரம் வேறு எழுத்து.
ஸ்டோர் கிளார்க் சவரிராயன் எழுத்துக்கூட்டினார்:
"போலந்து. இப்ப அப்படி ஒரு தேசமே கிடையாது, தாயி.
ரெண்டு பக்கமும் புகுந்து பிடிச்சுக்கிட்டானுவ."
இல்லாத ஊரின் பேரையா
இத்தனை நெருக்கித் தைப்பார்கள்?

நெஞ்சில் அவன் கழற்ற மறந்த வெள்ளிப் பறவை.
பருந்துமில்லை, கருடனுமில்லை.
அலகில் இலை வளையம், கூட ஒரு பொடிச் சங்கிலி.
பார்க்காமல் உவர்மண்ணோடு அவித்துவிட்டேன்.
கன்னங்கரேலென்று வந்தது.

திருநீறு வைத்துத் தேய்த்தேன்.
திருப்பினால்
முதுகில் எண் வெட்டியிருக்கிறது.
அட, இவன் ஊரிலும் ஒரு வண்ணாத்தி இருக்கிறாள்.

சைக்கிளில் பதறி வந்தான்.
சிறகிடுக்கில் இன்னும் கறுப்பு, கொஞ்சம் விபூதி.
பார்த்தவன் சிரித்துவிட்டு என்னமோ சொன்னான்.
"அவங்களுக்குள்ள இதுக்குக் காக்கான்னுதான் பேராம்"
என்றார் சவரிராயன்.

காலருக்குள் குறி போடணும்.
சேங்கொட்டைப் பால் தொட்டு வைத்தால்
துணி கிழிந்தாலும் குறி போகாது.
மேலத்தெருவுக்கு ஒற்றைப் புள்ளி,
மணியக்காரர் வீட்டுக்குப் புள்ளிமேல் கோடு.
வீடே இல்லாதவனுக்கு எதைப் போட?

ரங்கூன் போய்
கடிதாசும் நின்றுபோன குத்தாலம் வீட்டுக் குறி
எட்டு வருஷமாய்ச் சும்மா கிடந்தது.
மூணு புள்ளி, குறுக்கே ஒரு கீற்று.
எடுத்து அவனுக்குப் போட்டேன்.

ஐப்பசியில் விமானங்கள் கிழக்கே போயின.
அந்த வாரச் சட்டையைக் கேட்டு யாரும் வரவில்லை.

மார்கழியில் ஆவுடை வந்தாள்,
குத்தாலத்தின் மருமகள்.
காடும் மலையும் நடந்தே கடந்து,
எங்கெங்கோ முகாமில் கிடந்து,
வெடித்த பாதமும் ஒற்றை மாற்றுச் சேலையுமாக.
"எங்க குறி ஞாவகம் இருக்கா, மதினி?"

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.
போட்டேன், அதே மூணு புள்ளி, அதே கீற்று.

கொடியில் சேலையும் சட்டையும்
பக்கத்தில் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது
சவரிராயன் வந்து நின்றார்.
சட்டையை ஆபீசுக்கு அனுப்பணுமாம்.
எந்த ஊருக்கு என்று கேட்டேன்.
தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

"இன்னும் ஈரம் காயலியே" என்றேன்.

உச்சி வெயில்.
அவர் ஒன்றும் சொல்லாமல் போனார்.