எட்டரை சதம்

நூல் குடோனிலிருந்து ஈரமானி ஒன்றைக்
கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.
கோன் கோனாய்க் குத்திப் பார்க்கிற சாமான்,
முன்னால் இரண்டு ஊசிப்பல்.
"சுவத்துக்கிட்டயெல்லாம் அது பேசாதுங்க"
என்றார் ஸ்டோர் மௌனகுருசாமி.
பேசியது.
ஆசாரத்துச் சுவர்: முப்பத்தெட்டு.

நொய்யல் எங்கள் வீட்டுக்குள் இருந்தது
ஒரு ராத்திரி, மறுநாளில் பாதி.
போகும்போது முழங்காலுக்கு மேல்
ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனது.
எங்கள் வீதியில் கருநீலம்,
அடுத்த வீதியில் கத்தரிப்பூ.
அந்த வாரம் எந்த டையிங்கில் எந்த ஆர்டர் ஓடியதென்று
சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கோட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை.
தண்ணீர் வடிந்த பிறகுதான்
ஈரம் ஏறத் தொடங்கியது,
நாளுக்கு ஒரு விரற்கடை,
சுவிட்சுப் பெட்டி வரைக்கும்.
தொட்டால் சுர்ரென்றது.
மெயினை இறக்கிவிட்டு
மெழுகுவத்தியில் சோறு தின்றோம்.

தெய்வசிகாமணிக்கு மரத்தரை மேல் ஆசை.
மஸ்கட்டில் யார் வீட்டிலோ வெறுங்காலோடு நடந்தாராம்.
படுக்கையறைக்கு மட்டும், லோன் போட்டு, தேக்கு.
இப்போது ஒவ்வொரு பலகையும்
நாயைக் கண்ட பூனையாட்டம்
முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது.

கம்பெனி ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்தார்.
பிரமோத் வந்து அதை அணைத்தான்.
கோரக்பூர்க்காரன், ஆறு வருசமாய் அனுப்பர்பாளையம்.
"அவசரப்பட்டாத் தெறிச்சுப்போயிருமுங்கண்ணா.
மேல காயும், அடியில அப்படியே இருக்கும்.
கழட்டிப்போடுவோம். அடியில காத்துப் போகோணும்."

கழற்றினான்.
நான் டெய்லர் சாக்பீஸால்
கட்டிங் பண்டலுக்குப் போடுகிற மாதிரி
அடிப்பக்கம் எண் போட்டேன்,
ஜன்னல் பக்கத்துக்கு ஓர் அம்பு.
ஐம்பத்து மூன்று பலகை.
மொட்டைமாடியில், வெயிலில் இல்லை,
தண்ணித்தொட்டி நிழலில்,
நடுநடுவே ரீப்பர் துண்டு கொடுத்து அடுக்கினோம்.

கொத்தனார் இடுப்பளவுக்குப் பூச்சைக் கொத்தி எடுத்தார்.
பத்து வருசமாய்ச் சாய்ந்து உட்கார்ந்த சுவருக்குள்
சூளைக்காரர் பேரின் எழுத்துகள்
தலைகீழாய் நின்றிருந்தன.

காலண்டரில் பால்கணக்குக்குப் பக்கத்தில் எழுதிவந்தேன்.
முப்பத்தாறு. முப்பத்தாறு. முப்பத்தைந்து.
வியாழன் தூறல்: முப்பத்தேழு.
உப்புப் பூத்தது. சீமாறால் தட்டினோம்.
மறுபடி பூத்தது.
முப்பத்தொன்று.
மூன்று நாள் எதுவும் எழுதவில்லை.
சண்டை. லோன் தவணை பற்றி, பிறகு எல்லாவற்றையும் பற்றி.
இருபத்தொன்பது.

வந்த ஒறம்பரையெல்லாம் சுவரைத் தொட்டுப் பார்த்து
"காஞ்சாச்சே, பெயிண்ட் அடிச்சறலாமே" என்றார்கள்.
கைக்கு அப்படித்தான் தெரியும்.

கவிநயாவுக்கு ஏழு வயசு.
அப்பன் உள்ளங்கையில் ஊசிப்பல்லை வைத்து அழுத்தினாள்.
முள் கடைசிக்கு ஓடி நின்றது.
"அம்மா, அப்பா காயவே இல்லீங்ம்மா."
வெள்ளத்துக்குப் பிறகு அவர் சிரித்து
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
சுவர் இருபத்தாறு.

மாசியில் சுவர் பதினாறு, பலகை பன்னிரண்டு.
"போதுமுங்கக்கா, சைபர் வராது" என்றான் பிரமோத்.
எனக்கா தெரியாது?
பருத்தியில் எட்டரை சதம் ஈரம் எப்போதும் உண்டு.
அதையும் உறிஞ்சிவிட்டால் தறியில் நூல் அறும்.
பில்லில் அதைத் தண்ணீர் என்று யாரும் எழுதுவதில்லை,
நூலின் எடைதான் அது.

பலகைகள் எண்படி இறங்கின.
நாற்பத்தொன்று வரைக்கும் சொன்னபடி உட்கார்ந்தன.
நாற்பத்திரண்டு வளைந்தே காய்ந்திருந்தது.
இழைக்கட்டுமா என்றான்.
"கெடக்கட்டும், உடு" என்றார் தெய்வசிகாமணி.
இப்போதும் ராத்திரி யார் எழுந்து போனாலும்
அது ஒருதரம் டக்கென்று சொல்லும்.

கடைசிப் பலகையைப் புரட்டி
சாக்பீஸைத் துடைக்கப் போனான்.
துடைக்காதே என்றேன்.
மார்க்கரை வாங்கி
ஐம்பத்து மூன்றின் மேல் அழுத்தி எழுதினேன்.
ஐப்பசிக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கிறது.