காதுக்குத் தார்

ஐம்பது டிகிரி உறைகுளிரில்
பனிக்குள் சுருண்டு
மூக்கின் மேல் வாலைப் போர்த்தித் தூங்கியவன்தான்.
இப்போது, ஜூலையில்,
நகத்தளவு ஈக்குப் பயந்து
டிராக்டருக்கு அடியில் குழி தோண்டுகிறான்.

மொய்தொருக், வெளியே வா.

காது நுனியில் ரத்தம் கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கிறது.
அதன்மேலேயே மறுபடி வந்து உட்காருகின்றன.
பிர்ச் பட்டைத் தாரில் கொழுப்பைக் குழைத்து
கட்டைவிரலால் தடவுகிறேன்.
கண்ணருகே வேண்டாம்,
நாக்கு எட்டும் இடம் எதிலும் வேண்டாம்.
தடவி முடிப்பதற்குள் உதறுகிறான்.
கொடியில் கியுன்னேய் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில்
பதினோரு புள்ளிகள்.
எண்ணியது அவள்தான்.

லேனா ஆற்றின் மேல் காற்று செத்துக் கிடக்கிறது.
வறட்டியை மூட்டி, பச்சைப் புல்லைப் போட்டு அமுக்குகிறேன்.
புகை எழுந்ததும் பசுக்கள் வந்து
நெருக்கியடித்து நிற்கின்றன.
அவனுக்கு இடம் விட்டுத்தான் மூட்டினேன்.
அங்கே ஒரு கன்று படுத்திருக்கிறது.

அவன் புகைக்கு வெளியே,
மந்தையைப் பார்த்தபடி,
ஒரு காதை மட்டும் ஆட்டிக்கொண்டு.

இருட்டே வராத மாதம் இது.
இன்னும் இரண்டு வறட்டியோடு
அவன் பக்கம் போகிறேன்.
கொடியடியிலிருந்து கத்துகிறாள்:
“சட்டைக்குப் புகையும் வேண்டுமா?”