பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டது

திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில்
ஜெய்லானியிடம் பேரம் பேசி வாங்கிய ஆம்ப்ளிஃபயர்.
முதுகில் மூன்று துளை சாக்கெட்.
"பேலன்ஸ்டு சார், பாருங்க" என்றான்.
பார்த்தேன்.

பகலெல்லாம் ஹைகோர்ட் கிளையில் எனக்குச் சுருக்கெழுத்து.
ஒரே வயக்காட்டை
ஒருவர் உண்டென்பார், ஒருவர் இல்லையென்பார்.
மின்விசிறி இரைச்சல் இரண்டு பேர் மேலும் ஒன்றுபோல விழும்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால்
விசிறி போய்விடும்,
வழக்கு இரட்டிப்பாய் நிற்கும்.
பேலன்ஸ்டு கம்பி செய்வதும் அதுதான்.
அமலிக்கு மூன்று தடவை விளக்கியிருக்கிறேன்.
மூன்றாம் தடவை முடிவதற்குள்
அவள் கீரை ஆய்ந்து முடித்துவிட்டாள்.

ஆனாலும் ஒத்தக்கடை வீட்டில்
வயலினுக்கு அடியில் ஒரு ம்ம்ம்
யானைமலை தூக்கத்தில் முனகுவதுபோல.
கீழே வாடகைக்கு இருக்கும் மாவுக்கடை கிரைண்டர்தான் என்று
சண்டைக்கே போனேன்.

அமலி திண்டுக்கல்லில் அக்கா வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாள்
முனகல் வளர்ந்து பாட்டை மூடியது.
பெட்டியைத் திறந்தேன்.
மூன்றாவது பின்னிலிருந்து ஒரு துண்டுக் கம்பி
நேரே கிரவுண்டில் பற்றவைத்திருந்தது.
உள்ளே முழுக்க ஒற்றைக் கம்பி.
எதிர்த்தரப்புக்கு ஆளே இல்லை,
கறுப்புக் கோட்டு மட்டும் நாற்காலியில் தொங்குகிறது.

ஒற்றைக் கம்பி
திரும்பி வரும் வழிக்கு மண்ணை நம்புகிறது.
மண்ணைப் பூஜ்ஜியம் என்று எழுதிக்கொள்கிறோம்.
ஃபிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர்
எல்லாருடைய கசிவும் அதன் வழியாகத்தான் போகிறது
என்பதை எழுதுவதில்லை.

போனில் புலம்பினேன். அவள் கேட்டாள்:
"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"
"எந்தக் குழி?"
"கறிவேப்பிலைக்குப் பக்கத்துல.
கோடையில காஞ்சுரும், விட்றாதீங்கன்னு
எலக்ட்ரீசியன் சொன்னாருல்ல, வீடு கட்டுன வருசம்.
உங்ககிட்டதான் சொன்னாரு."

பதினோரு கோடை.

ராத்திரி பத்தரைக்குக் குடத்தோடு இறங்கினேன்.
ஷட்டரை இறக்கிவிட்டு மாவுக்கடைக்காரர்
என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.
கரியும் உப்பும் போட்ட குழி
சத்தம் போட்டுக் குடித்தது.
மேலே போய்ப் பாட்டைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.
இன்னொரு குடம் பிடிக்கப் போனேன்.