முப்பத்தேழு பாகை

பேர்கனிலிருந்து வந்த மச்சான்
பெட்டிக்குள் இருந்து எடுத்தான்
மூன்று டின் மோல்ட்,
வெள்ளிப் பொதியில் ஹொப்ஸ் எனும் பச்சை உருண்டைகள்,
மடித்த கடதாசிக்குள்
தவிட்டுத் துகள்போல் கொஞ்சம் உயிர்.
"சுங்கத்திலை கேட்டவங்கள்.
பிள்ளையளுக்குச் சத்துமா எண்டனான்."

மற்ற ஈஸ்ட் எல்லாம் குளிர் கேட்குமாம்.
இது அவனூர்ப் பண்ணைவீட்டுச் சாதி,
வெக்கை கண்டால்தான் வேலை செய்யும்,
வேலை செய்தால் தோடம்பழம் மணக்கும்.
பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் மதுவம்.
படம் கீறி, அரும்பைக் குறித்து,
ஐந்துக்கு நாலு புள்ளி வாங்கியிருக்கிறேன்.

விசுவமடுவில் வெக்கைக்கு என்ன பஞ்சம்.
இரண்டு கிழமையாய்ச் சோளகம்
றோட்டுச் செம்மண்ணை அள்ளிவந்து
என் கடைக்குள் கொட்டுகிறது.
எரிந்துபோன தண்ணீர் மோட்டர்கள்
கிணறு வற்றின முறைப்பாட்டோடு
வாசல்வரை நிற்கின்றன.

கடையைப் பூட்டிவிட்டுக்
கலியாணவீட்டுக் கிடாரத்தில் கொதிக்கவைத்தோம்.
ஹொப்ஸ் விழுந்ததும் ஆவியில்
வெட்டின புல், கொய்யாத் தளிர்,
பிறகு பூனை மூத்திரம்.
அதுதான் சரி என்றான் மச்சான்.
என் பங்குக்கு
வெள்ளை படாமல் சீவின தோடந்தோல்,
வேலியோர நாரத்தங்காய் ஒன்று,
கசக்கின தேசியிலை.
பாலைப்பழம் ஒரு பேணி போடுவமோ?
பிசின், விடு என்றான்.

நீல வாளி. மூடியில் துளை. துளையில் சேலைன் குழாய்,
மறுமுனை ஜாம் போத்தல் தண்ணீருக்குள்.
இரவிரவாய்க் கதைத்தது அது:
புளுக். புளுக், புளுக்.
"கசிப்பெண்டு மாதர் சங்கம் வந்தால்
உங்களை ஆரெண்டே தெரியாதெண்டுவன்" என்றாள் தவமலர்.
சங்கத்துப் பொருளாளர் அவள்தான்.

நாலாம் நாள் வாளி அடங்கியது.
அதற்குள் மச்சான் பறந்துவிட்டான்.
முப்பத்தொரு போத்தல்.
போத்தலுக்கு ஒரு கரண்டி சீனி என்றவன்
சொன்னது தேக்கரண்டியா, மேசைக்கரண்டியா?

மேசைக்கரண்டி போட்டேன்.

ஏழாம் இரவு, ஒன்றரைக்கு,
முதலாவது வெடித்தது.

கண் திறக்குமுன்னமே உடம்பு நிலத்தில் கிடந்தது,
கன்னம் சீமெந்தில்,
காதில் கை, வாய் ஆவென்று.
கட்டிலின் மற்றப் பக்கம் தவமலர், அதே மாதிரி.
மேலே ஒன்பது வயது மகன்
எழும்பிக் குந்தியிருந்து எங்களைப் பார்த்தான்:
"ஏன் கீழை படுத்திருக்கிறியள்?"

இரண்டாவது. மூன்றாவது.
அதன் பிறகுதான்
அறைக்குள் தோடம்பழம் மணந்தது.

வேலிக்கு அங்கால் ரோச் வெளிச்சம். கிருபாலினி.
"என்ன அது?"
"போத்தல்."
"மிச்சம் எத்தனை?"
"இருபத்தெட்டு."
"ஒருத்தரும் கிட்டப் போகாதையுங்கோ."

பதினொரு வருசமாய்க் கண்ணிவெடி கிண்டுகிறவள்.
முகக்கவசம் முகாமில், வீட்டுக்குத் தரமாட்டார்கள்.
என் மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டைக் கொழுவி,
வெல்டிங் கையுறையோடு
ஈரச்சாக்கு விரித்து முழந்தாளிட்டாள்.
ஒரு கழுத்தைச் சாக்கால் போர்த்து
மூடியோரத்தை ஒரு நூலளவு கிளப்ப,
ஸ்ஸ்ஸ்.
பொறுத்தாள்.
தள்ளித் தந்ததை நான் குறட்டால் நெரித்தேன்.
எண்ணிக்கையை உரத்துச் சொன்னாள்,
வேலைத்தளத்துக் குரலில்.
நடுவில் ஒருக்கால் நான் ஏதோ பகிடி விட,
"கதையாதையுங்கோ" என்றாள்.

நாலு மணியாயிற்று.
ஹெல்மட்டைக் கழற்றினாள், முடியெல்லாம் வியர்வை.
"இதை என்னத்துக்குக் காய்ச்சினியள்?"
"கோடைக்கு."

கடைசிப் போத்தலைத் தேத்தண்ணிக் கோப்பைகளில் ஊற்றினேன்.
வெதுவெதுப்பு, கலங்கல்,
முதல் மிடறு நாரத்தை,
பிறகு ஒரு கசப்பு, தொண்டையை விட்டுப் போக மனமில்லாதது.
பொருளாளர் தன் கோப்பையை முடித்து
என்னுடையதையும் எடுத்தாள்.
கிருபாலினி மணந்து மட்டும் பார்த்தாள்.
ஐந்தரைக்கு அவளை ஏற்ற வாகனம் வரும்.
"ஞாயிற்றுக்கிழமைக்கு ரெண்டு வையுங்கோ.
ஐஸோடை."

விடிய, கடைக் கலண்டரின் பின்பக்கத்தில்
கிறீஸ் விரலால் எழுதினேன்:
தேக்கரண்டி.
அதுவும் தலைதட்டி.