மட்டக்கோல்

சிவப்பும் வெள்ளையுமாய் நாலு மீட்டர் கோல்.
அதை ஆடாமல் பிடிப்பதுதான் என் வேலை.
நாள்கூலி அறுநூறு, மத்தியானம் ஒரு பொதிச்சோறு.
கொல்லங்கோட்டிலிருந்து ஜீப்பில் வந்த
பிரேமவல்லி மேடம்
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
எங்கள் கரையை எண்ணாக்குகிறார்.

"சராசரிக் கடல்மட்டத்திலிருந்து ஒன்று புள்ளி ஆறு."
எந்தக் கடல் மேடம் அது?
ஆனியில் ஒன்று வரும், நடையேறி
உப்பு மரவையைக்கூட விடாது.
மார்கழியில் ஒன்று கிடக்கும்
பிள்ளைகள் பந்தடிக்க இடம் விட்டு.
காற்றே இல்லாத சித்திரை ராத்திரி
கள்ளக்கடல் என்று ஒன்று, சத்தம் காட்டாமல்
கட்டிலுக்கடியில் கிடக்கும் செருப்பைக் கொண்டுபோகும்.
இவை எல்லாம் கூட்டி வகுத்த அந்தக் கடலை
சூசைத்துறையில் ஒருவரும் கண்டதில்லை.

சாலையைத் தொண்ணூறு சென்டிமீட்டர் தூக்கப்போகிறார்கள்.
தூக்கத்தான் வேண்டும்.
போன ஆடியில் பெல்சிட்டாவுக்கு நோவு கண்டு
ஆம்புலன்ஸ் குருசடி வளைவில் நின்றுபோனது,
இஞ்சினுக்குள் நுரை.
மீன்பெட்டிப் பலகையில் அவளைக் கிடத்தி
இடுப்பளவு தண்ணியில் ஆறுபேர் சுமந்தோம்.
பிள்ளைக்கு ஞானஸ்நானம் அங்கேயே ஆச்சு என்றான் கிளீற்றஸ்.
யாரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தில் வியாகுலம் எழும்பினாள், கையில் மீன்வட்டி:
"ரோட்ட ஒசத்துவிய, செரி.
ரோட்டுல ஏறாத தண்ணி எங்க போவும்?"
மேடம் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினார்.
விரல் நின்ற இடத்தில்
வீடுகளுக்குக் கட்டம் இருந்தது, பெயர் இல்லை.
வடிகால் வரும், என்றார். பெரிய குழாய்.
"கடலு அது வழியா திரும்பி வந்தா?"
அதற்கொரு கதவு,
வெளியே மட்டும் திறக்கும்.
"அத கடலுகிட்ட ஆரு சொல்லுவா?"

எல்லைக்கல்லோடு எங்கள் அளவு முடிகிறது.
அந்தப் பக்கம் கேரளத்துக்காரன் ஒருவன்
வேறொரு கோலோடு நிற்கிறான்.
அவர்கள் பூச்சியம் வேறு கல்லில், எங்கள் பூச்சியம் வேறு கல்லில்.
இரண்டு சாலையும் சந்திக்கையில் முக்கால் முழம் இடிக்குமாம்.
அதற்குத் தனியாகக் கடிதம் போகும், பதில் வரும்.
எங்கள் கருங்கல் சுவர் முடிகிற இடத்தில்
கடல் தோளைத் திருப்பி
அவர்கள் தென்னைகளை எடுத்தது.
அவர்களும் கல் போட்டார்கள்.
அது நேரே எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது.
அவன் பீடி கேட்டான், கொடுத்தேன்.
"எத்ர?" என்றான்.
"ஒண்ணே ஆறு."
காய்ச்சல் எவ்வளவென்று கேட்டவனைப்போல் தலையாட்டினான்.

நாலாம் நாள் கோலை என் வீட்டு முன் ஊன்றினேன்.
ரோசிலி நடையில் அயலைக்கு உப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.
சாலை உயர்ந்தால்
ஜன்னல் விளிம்பில் பஸ்ஸின் சக்கரம் போகும்,
வருவதெல்லாம் எங்களுக்குள் இறங்கும்.
கோலுக்கு அடியில் என் பாதத்தை வைத்தேன்.
ஏட்டில் என் வாசல் நாலு விரல் மேடானது.
மேட்டுக்கு மண் குறைவாய்ப் போடுவார்கள்.
மேடம் எழுதிக்கொண்டார்.

அங்கிருந்து பார்த்தால் குருசடி வளைவு.
நாற்பது அடி இருக்குமா.
நாலு விரல் பள்ளத்தில்
ஒரு ஆம்புலன்ஸ் நிற்குமா, போய்விடுமா?
எனக்குத் தெரியாது, நான் கோல் பிடிக்கிறவன்.
பாதத்தில் இரும்பு அழுத்திக்கொண்டே இருந்தது.

"மேடம், கோலு சரிஞ்சு போச்சு. இன்னொருக்கா பாருங்க."
அவர் கண்ணை எடுத்து என் காலைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
பழைய எண்ணை அடித்தார், புதியதை எழுதினார்,
ஓரத்தில் இன்னும் ஏதோ குறித்தார்.
வீடு என்றா, வடிகால் என்றா,
இவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்க முடியவில்லை.

"நம்ம வீடு எத்தன?" என்றாள் ரோசிலி.
சொன்னேன்.
மீனைத் திருப்பிப் போட்டு
மறுபக்கம் உப்பு தேய்த்தாள்.
"அப்பம் கட்டிலுக்கு
காலுக்கு ரெண்டு கல்லு கூட வேணும்.
அந்தியில வரும்போ எடுத்துட்டு வா."