வாரிஸ்

பாடாங் கோத்தாவில் ஜூலை முப்பத்தொன்று.
காலை ஏழரை. கடல் இன்னும் சாம்பல்.
பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில்
ஒரு மலாய்ச் சொல்லை ஒட்டியிருக்கிறார்கள்: வாரிஸ்.
நமக்கும் அது சொல்தான், கடைசியில் ஓர் உகரம் கூடும்.
படங்களில் வாரிசு என்றால்
பங்களா, சாவிக்கொத்து, கோர்ட்டுப் படி.
எனக்கு வந்தவை
ஒரு பதக்கம், முத்திரை குத்திய ஒரு கடிதம்,
வலது கால் சுண்டுவிரலின் வளைவு.
அதுவும் அம்மா சொல்லித்தான். நான் எங்கே பார்த்தேன்?

கோப்ரல் கார்மேகம் பெரியண்ணன்.
எல்லைக் காட்டில், சருகுக்கு அடியில்
யாரோ புதைத்துவிட்டுப் போன தகரத்தின் மேல்
அந்தக் காலைத்தான் வைத்தார்.
வயது இருபத்து நான்கு.
அம்மா வயிற்றில் எனக்கு ஐந்து மாதம்.
போன ஐப்பசியில் என் மகன் அவரைத் தாண்டிவிட்டான்.
மெழுகுவர்த்தி இருபத்தைந்து. எல்லோரும் கைதட்ட
நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

அழைப்புக் கடிதத்தில் எப்போதும் இருவருக்கு இடம்.
நானும் அம்மாவும்.
இவர் கடற்சுவர் ஓரம்
மோட்டார் சைக்கிளில் சாய்ந்து காத்திருப்பார்,
வெயில் ஏறினால் குடையோடு.
அம்மா மாசியில் போய்விட்டாள்.
இன்று இரண்டாவது நாற்காலிக்கு
இஸ்திரி போட்ட முழுக்கையோடு வந்திருக்கிறார்
குழந்தைவேலு, எழுபத்தேழு,
பேரியில் கயிறு கட்டிய கை,
அம்மாவுக்கு இரண்டாவது தாலியும் கட்டிய கை.

பெயர்ப் பட்டியலோடு நின்ற ராணுவப் பையன்
பணிவாகத்தான் கேட்டான்:
இறந்தவருக்கு ஐயா என்ன உறவு?

என்ன உறவு.
நடுக்கூடத்தில் அந்தப் படத்துக்கு ஆணி அடித்தவர்.
காரை உதிர்ந்து இரண்டு முறை படம் கோணிக்கொள்ள
மூன்றாம் முறை மரச்சக்கை செருகி இறுக்கியவர்.
அதன் கீழேயே உட்கார்ந்து
நாற்பத்து நான்கு வருஷம் சோறு தின்றவர்.
"தொடைக்கிறப்ப கண்ணாடியில என் மூஞ்சியும் தெரியுது"
என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் சொன்னதில்லை.
படத்தில் இருப்பவரை அப்பா என்றேன்.
இவரை, அகரத்தை விழுங்கிவிட்டு, ப்பா.

நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்:
"கவான்."
நண்பன். ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லை.
பையன் எழுதிக்கொண்டான்.

பதக்கத்தை வலப்பக்கம் குத்தியிருந்தேன்.
சம்பாதித்தவருக்குத்தான் இடப்பக்கம்.
கொம்பு ஊதி முடிந்ததும் மௌனம்.
நினைவுத் தூணில் போர்கள் இருந்தன, வருஷங்கள் இருந்தன.
பெயர் தேடுவதை நான் பத்து வயதில் விட்டுவிட்டேன்.
தூரத்தில் ஏதோ கப்பல் ஒலித்தது.
ப்பாவின் விரல்கள் மடியில் தாமாகவே
ஒரு முடிச்சுப் போட்டு அவிழ்த்தன.
பிறகு தூணைப் பார்த்து,
பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பதுபோல்,
எனக்கு மட்டும் கேட்கும்படி:
"வசந்தா வந்து சேந்துட்டாளா?"

நான் குனிந்துகொண்டேன்.
சேலையில் பதக்கம் கனத்துத் தொங்கியது.

எழுந்தபோது அவருடைய முட்டி பிடித்துக்கொண்டது.
முன்வரிசையில் ஒரு சீனத்து அம்மாள்
தன் குடையை நீட்டினாள், ஊன்றிக்கொள்ள.
அவளுக்கு யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

பசியாறாமல் வந்திருந்தோம். பசெம்பூர் கடை
இன்னும் திறக்கவில்லை. பக்கத்தில் கோப்பி மட்டும்.
ப்பா என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஊசி பட்டு பட்டு ஓட்டை விழுது பாரு.
அடுத்த வருஷம் உள்ளாற ஒரு துணி வச்சுத் தச்சுக்க."
சாசரில் ஊற்றி ஆற்றினார்.
"பட்டு இல்லாம வேற கட்டினாலும் தேவலாம். அவன்
ஒண்ணும் நெனைக்க மாட்டான்."