குப்பிக்குள் ஊர்

மைனஸ் முப்பத்தொன்று. உலான்பாத்தரின் விடியலில்
சாக்கடை மூடியைக் கடப்பாரையால் நெம்புகிறான் கன்சுக்.
குப்பென்று ஆவி.
ஊரே வாய் திறந்து மூச்சுவிட்டதுபோல.

கயிற்றில் குப்பியை இறக்குகிறாள் ஓயுங்கெரெல்.
இப்போது யாரும் சோதனைக்கு மூக்கை நீட்டுவதில்லை.
சோதனைக் கூடாரம் இருந்த இடத்தில் காலணிக் கடை.
"அதெல்லாம் முடிந்த கதை" என்கிறான் கன்சுக், இருமியபடி.

மூக்கை ஒளிக்கலாம்.
காலைக்கடனை?

மூன்றாம் நாள் திரையில் எழுத்துகள் ஓடுகின்றன,
முப்பதாயிரம்.
அதில் ஒன்று மாறியிருக்கிறது. அப்புறம் இன்னொன்று.
பற்றிக்கொள்ளும் முள்ளில் மட்டும் ஒன்பது.
இலையுதிர்காலத்தில் போட்ட ஊசி
பழைய புகைப்படத்தோடு வாசலில் நிற்கிறது;
மீசையை மழித்து, தொப்பியை மாற்றி,
அதனிடமே வழி கேட்டு உள்ளே போகிறான் வந்தவன்.

அமைச்சகத்துக்கு எழுதுகிறாள்.
ஒரே வரியில் பதில்: எத்தனை பேர்?

குப்பிக்குத் தலை எண்ணத் தெரியாது.
போதாததற்கு, வடக்குச் சரிவு முழுக்க
கெர் கூடாரங்கள். பாதி ஊர் அங்கே.
குழாய் கிடையாது, பலகை போட்ட குழிகள்,
அவையும் பாறையாய் உறைந்து கிடக்கின்றன.
அங்கே யார் இருமினாலும்
அடுப்புப் புகையின் கணக்கில் சேர்ந்துவிடும்.

"தெரியவில்லை" என்று தட்டுகிறாள்.
அழிக்கிறாள்.
மறுபடி அதையே தட்டுகிறாள்.

இரவு கன்சுக்கின் அழைப்பு:
நாளைக்கு வண்டிக்கு வேறு ஆள் பார், அக்கா.
அவன் குரலுக்குப் பின்னால்
ஒரு குழந்தை இருமுகிறது, விடாமல்.

அவன் வீடு எங்கே என்று
இத்தனை நாளில் அவள் கேட்டதே இல்லை.
வடக்குச் சரிவு, என்கிறான்.